கார்டு மாற்றுவதற்கு முன்னால்: பழைய ஜெனரேட்டர்களின் எக்சைட்டேஷன் பற்றிச் சில குறிப்புகள்

சர்க்கரை ஆலை, காகித ஆலை, மின்நிலையம் என்று வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. "ஏ.வி.ஆர். கார்டு போச்சு, ராத்திரி வர நேரமாகும்" என்ற பேச்சு அந்த வீடுகளில் காதில் விழுந்திருக்கும். அந்தக் கார்டு செய்யும் வேலை என்ன, நிஜமாகவே அது போய்விட்டதா என்று அறிவது எப்படி என்பதை, கார்டு விற்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகம் ஒரு மின்காந்தம். அதற்கு டி.சி. கரண்ட் கொடுத்தால்தான் சுற்றியுள்ள சுருள்களில் வோல்டேஜ் பிறக்கும். அந்த டி.சி.யை ஊட்டுவதே எக்சைட்டேஷன். தமிழில் கிளர்வூட்டல் எனலாம். இரும்பில் மிச்சமிருக்கும் சிறு காந்தமே முதல் மின்சாரத்தைத் தரும், அந்த மின்சாரமே காந்தத்தை வளர்க்கும் என்பதை 1867-ல் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸும் இங்கிலாந்தில் வீட்ஸ்டனும் தனித்தனியே அறிவித்தார்கள். நெடுநாள் நின்ற மெஷின் வோல்டேஜ் எடுக்காவிட்டால், பல சமயம் அந்த மிச்சக் காந்தம் மங்கியிருக்கும். பாட்டரியிலிருந்து சரியான பிளஸ் மைனஸ் பார்த்து சில நொடி ஊட்டினால் எழுந்துவிடும். கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

1957-ல் தைரிஸ்டர் வந்த பிறகு, ஆறு தைரிஸ்டர்களைக் கொண்டு ஏ.சி.யை டி.சி.யாக்கி ஊட்டும் முறை பரவியது. எத்தனை டி.சி. வேண்டும் என்று தீர்மானிப்பது ஏ.வி.ஆர். கார்டு. 11,000 வோல்ட்டை அது நேரே பார்க்க முடியாது. பி.டி. என்னும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 110 வோல்ட்டாகக் குறைத்துத் தருவதைத்தான் பார்க்கிறது. குறைந்தால் கூட்டு, கூடினால் குறை. அவ்வளவே அதன் அறிவு. ஆகவே பி.டி. பொய் சொன்னால் கார்டும் அதை நம்பித் தப்பு செய்யும்.

1998 ஜனவரி. மேற்கு மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை. பெயர் வேண்டாம். 3 மெகாவாட் டர்பைன், கிரிட்டோடு சேராமல் தனியாக ஓடியது. "சேட், கார்டு போச்சு, உடனே அனுப்புங்க" என்று போன். (நயினார் என்று எத்தனை முறை சொன்னாலும் இங்கே வியாபாரம் செய்யும் ஜைனன் சேட்தான்.) ராத்திரி பஸ்ஸில் அனுப்பினேன். மாட்டினார்கள்; ஒரு மணி நேரம் ஓடி, வோல்டேஜ் எகிறி, ஓவர்வோல்டேஜ் ரிலே விழுந்தது. இன்னொரு கார்டு கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அதற்கும் அதே கதி. கேட்டுக்கு வெளியே கரும்பு வண்டிகள் வரிசையாக நின்றன. வெட்டின கரும்பு காத்திருக்கக் காத்திருக்க அதிலுள்ள சர்க்கரை சிதையும், எடையும் குறையும். நஷ்டம் முதலில் விழுவது விவசாயி தலையில்தான்.

நானே கிளம்பிப் போனேன். அங்கிருந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் மல்டிமீட்டரைக் கார்டின் உள்ளீட்டில் வைத்துக்கொண்டு, "பாருங்க, பேனல் மீட்டர் ஏறுது, கார்டுக்கு வர்றது இறங்குது" என்றார். பேனல் மீட்டருக்கு வேறு பி.டி. கார்டுக்கு வரும் பி.டி.யின் ஒரு ஃப்யூஸ் பிடிப்பு தளர்ந்திருந்தது. மெஷின் சூடாகி அதிர அதிர, தொடர்பு விட்டு விட்டு வந்தது. வோல்டேஜ் விழுந்ததாக நினைத்த கார்டு எக்சைட்டேஷனைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. பிடிப்பை மாற்றியதும் சரியாயிற்று. பிற்கால ரெகுலேட்டர்கள் பலவற்றில் இரண்டு பி.டி.களை ஒப்பிட்டு, ஒன்று போனால் தானே மேனுவலுக்கு மாறும் ஏற்பாடு உண்டு. பழையவற்றில் பெரும்பாலும் கிடையாது.

ஆகவே கார்டைத் தொடுவதற்கு முன் பி.டி. ஃப்யூஸ், மின்சப்ளை, கனெக்டர் பின்கள், கார்பன் பிரஷ் இவற்றைப் பாருங்கள். மேனுவலில் மெஷின் நிம்மதியாக ஓடுகிறதா? ஓடினால் தைரிஸ்டரும் சுழலும் சுருளும் பெரும்பாலும் நலம். சந்தேகம் ஆட்டோ பக்கம். ஆறில் ஒரு தைரிஸ்டர் வேலை செய்யாவிட்டாலும் மற்றவற்றை அதிகம் திறந்து ஏ.வி.ஆர். சமாளித்துவிடும், முழு லோடில்தான் குட்டு வெளிப்படும். ஆசிலோஸ்கோப்பில் டி.சி. அலையைப் பார்த்தால் ஒரு பல் விழுந்தது போலத் தெரியும்.

கார்டே போயிருந்தால் முதல் சந்தேகம் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பாயிலர் பக்கத்துப் பேனலில் அது எத்தனை காலம் தாங்கும்! இன்னொரு எமன் மெக்கர். கார்டைக் கழற்றாமல் 500 வோல்ட் மெக்கர் போட்டுக் கார்டைக் கொன்றவர்கள் என் வாடிக்கையாளரில் கணிசம்.

மாற்றும்போது மெஷினை நிறுத்தி, ஃபீல்டு பிரேக்கரைத் திறந்து, சப்ளை இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பழைய கார்டின் ஜம்பர்களையும் பொட்டென்ஷியோமீட்டர் நிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே 60 ஹெர்ட்ஸுக்கு ஜம்பர் போட்டு வந்த கார்டைப் பார்த்திருக்கிறேன். நம் 50 ஹெர்ட்ஸில் அது, வேகம் குறைந்துவிட்டது என்று எண்ணி வோல்டேஜை ஏற்றவே மறுக்கும். சி.டி. கம்பிகளைத் தலைகீழாக மாட்டினால் தனியே ஓடும்போது பெரிதாகத் தெரியாது. வேறொரு ஜெனரேட்டரோடு இணைத்ததும் ரியாக்டிவ் சுமையைப் பங்கிடாமல் இரண்டும் மல்லுக்கட்டும். மேனுவலிலேயே வோல்டேஜை எழுப்பி, நல் மீட்டர் முள் நடுவே நின்ற பிறகே ஆட்டோவுக்கு மாற்றுங்கள். அவசரத்தில் இதை விட்டவர்களே அதிகம்.

அலமாரியில் பல வருஷம் கிடந்த ஸ்பேர் கார்டையும் நம்பாதீர்கள். சும்மா கிடந்தாலும் கெபாசிட்டர் தளரும். சில வருஷத்துக்கு ஒருமுறை பெஞ்சில் வைத்துச் சப்ளை கொடுத்துப் பாருங்கள்.

அந்த ஆலை விஷயத்துக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் சாமான் திரும்ப எடுப்பதில்லை என்பது எங்கள் தொழில் வழக்கம், பில்லிலேயே அச்சடித்திருக்கும். நான் விற்றது நல்ல சரக்குதான், ஆனால் அவர்களுக்குத் தேவைப்படாத சரக்கு. கேட்டவுடன் அனுப்பினேனே தவிர, "பி.டி. பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லறத்தாருக்கான கள்ளாமை விரதத்தில் இது மீறலா இல்லையா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு கார்டையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். போனதாகச் சொன்ன அவர்களுடைய பழைய கார்டையே மாட்டி, அந்த சீசன் முடியும்வரை ஓட்டினார்கள்.