வலிக்காத கட்டி: எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

குளிக்கும்போது சோப்பு போடும் கையில் ஏதோ தட்டுப்படுகிறது. அழுத்திப் பார்த்தால் வலியில்லை. 'வலிச்சாத்தானே பார்க்கணும்' என்று விட்டுவிடுகிறோம். வலியை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. சீழ்க்கட்டி உயிர் போகிற மாதிரி வலிக்கும், சில நாட்களில் உடைந்து ஆறிவிடும். புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

பெரும்பாலானவை சாதுவானவை

தோலுக்கடியில் மெத்தென்று, விரலால் தள்ளினால் நழுவுவது அநேகமாகக் கொழுப்புக் கட்டி. தொண்டைப்புண், சொத்தைப்பல், காலில் புண் என்று ஏதாவது வந்தால் பக்கத்தில் நெறி கட்டும். இது வழக்கமாக இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிடும்.

தள்ளிப்போடக் கூடாத அடையாளங்கள்

* மூன்று வாரமாகியும் கரையாத கட்டி
* நாளுக்கு நாள் வளர்வது, அல்லது 5 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது பெரிய எலுமிச்சம்பழ அளவில் இருப்பது
* கல்லுப்போல் கெட்டியாக, நகராமல் ஒட்டியிருப்பது
* அறுத்து எடுத்த இடத்திலேயே மறுபடி வருவது
* கூடவே காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது

இடமும் முக்கியம்

மார்பகத்தில் கட்டி தென்பட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். இளம்பெண்களுக்கு வருபவை பெரும்பாலும் புற்றுநோயல்லாத நார்க்கட்டிகள்தான். ஆனால் அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அரிதாக வருவதுண்டு.

விதையில் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இளைஞர்கள் கூச்சத்தால் மறைக்கிறார்கள். விதைப்புற்று அதிகம் வருவது இளவயதில்தான். சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும்.

காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் நெறி கட்டினாலும் தாமதிக்காதீர்கள். புகையிலை போடுபவர் கழுத்தில் கட்டி வந்தால் வாய், தொண்டையையும் பார்த்தாக வேண்டும். கழுத்து நெறி வலியில்லாமல் மாதக்கணக்கில் நீடித்தால், நம் நாட்டில் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஊசி குத்தினால் பரவுமா?

பலரைத் தடுப்பது இந்தப் பயம்தான். டாக்டர் முதலில் கையால் தொட்டுப் பார்ப்பார், தேவையென்றால் ஸ்கேன் எழுதுவார். பிறகு மெல்லிய ஊசியால் சில செல்களையோ, சற்றுப் பெரிய ஊசியால் சிறு துணுக்கையோ எடுப்பார்கள். முறையாகச் செய்தால் இதனால் நோய் பரவும் என்ற பயம் தேவையில்லை. விதையில் வரும் கட்டியில் மட்டும் வழக்கமாக ஊசி குத்தி எடுப்பதில்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான்.

வீட்டில் செய்யக் கூடாதவை

உருவி விடுவது, பிதுக்குவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம். பற்றுப் போட்டுக் 'கரையட்டும்' என்று மாதங்களைக் கடத்துவதும் கூடாது.

கட்டியைக் கண்ட நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 'எப்போதிலிருந்து இருக்கிறது?' என்பதுதான் டாக்டர் முதலில் கேட்கப்போவது. அதற்கு 'ரெண்டு வருஷமாச்சு' என்று பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிடாதீர்கள்.