கர்ப்பிணியின் இருதயம் செய்யும் வேலை

கோவில்பட்டிச் சீமையில் ஒரு பெண்ணின் பலத்தை அளப்பதற்குத் தண்ணீர்க் குடமே அளவுகோல். தாமிரபரணித் தண்ணீர் இப்பொழுது குழாய் வழியே ஊருக்கு வந்து சேர்கிறது. ஆனாலும் குழாயடியிலிருந்து அடுக்களைக்கு அதைக் கொண்டு சேர்ப்பது அநேக வீடுகளில் இன்னும் பெண்களின் இடுப்புத்தான். அத்தகைய பெண் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த இரண்டொரு மாதத்திலேயே, "நெஞ்சு படபடக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று சொன்னால், வீட்டில் இரண்டு விதமான பதில் கிடைக்கும். "நாங்க எல்லாம் பிள்ளையும் பெத்து, பருத்தியும் எடுக்கலையா?" என்பது மாமியாரின் பதில். "இருதயத்தில் கோளாறோ, என்னவோ?" என்று கலங்குவது பெற்ற தாயின் பதில். இரண்டுமே பொருந்தாத பதில்கள். வயிறு வெளியே தெரிவதற்கு வெகு முன்பே அவளுடைய இருதயம் ஒரு பெரிய வேலையை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அந்த வேலை இன்னதென்று வீட்டார் அறிந்தால் ஏளனத்துக்கும் இடமில்லை, வீண் பயத்துக்கும் இடமில்லை.

ஒரு நாளைக்கு 190 குடம்

ரத்தம் தேகத்தைச் சுற்றி ஓடுகிறது என்பதை இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-ஆம் ஆண்டில் நூலாக எழுதி உலகுக்கு அறிவித்தார். கர்ப்பகாலத்தில் அந்த ஓட்டம் எவ்வளவு பெருகுகிறது என்பதை டென்மார்க் தேசத்து லிண்ட்ஹார்ட் என்பவர் 1915-ஆம் ஆண்டில் அளந்து காட்டினார். அதன் பிறகு நுட்பமான கருவிகள் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றால் தெரிவது இது: சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றும் இருதயம், கர்ப்பகாலத்தில் 100-க்கு 30 முதல் 50 பங்கு வரையில் அதிகமாக வெளியேற்றுகிறது.

நாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நிமிஷத்துக்கு 2 லிட்டர் அதிகம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 2,880 லிட்டர் ஆகிறது. குடத்துக்கு 15 லிட்டர் என்று கொண்டால் சுமார் 190 குடம்! பாயில் படுத்து உறங்கும் பொழுதும் அவள் இருதயம் இந்தக் கூடுதல் வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறது. நாடித்துடிப்பும் நிமிஷத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. இந்த உழைப்புக்கு ஈடுகொடுக்கும் பொருட்டு இருதயத்தின் இடப்புறச் சுவர் சற்றே தடிக்கிறது. இந்தப் பெருக்கத்தின் பெரும்பகுதி ஐந்தாம் மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. வளைகாப்பு நடப்பதற்கு முன்பே இருதயம் தன் பாரத்தைச் சுமக்கத் தொடங்கிவிட்டது என்பது இதனால் விளங்கும்.

மடைப்பலகை நீங்கும் அதிசயம்

இத்தனை ரத்தம் பாய்ந்தால் ரத்த அழுத்தம் ஏறிவிடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஏறுவதில்லை, நடுமாதங்களில் சிறிது இறங்கவே செய்கிறது. கர்ப்பகாலத்தில் சுரக்கும் ரசங்களின் செயலால் ரத்தக் குழாய்கள் இளகி விரிந்து கொடுப்பதே அதற்குக் காரணம். குழாய் விரிந்ததும் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் தேகத்தில் சேர்த்துவைக்கின்றன. ரத்தத்தின் அளவு பெருகுகிறது. இருதயமும் அதற்குத் தக்கபடி அதிகமாக இறைக்கிறது. அழுத்தம் பிரசவத்தை ஒட்டி மறுபடியும் பழைய நிலைக்கு வருகிறது.

இதைவிட அதிசயமான மாறுதல் கர்ப்பப்பையிலே நிகழ்கிறது. அங்கே சுருள்சுருளாக அமைந்த மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் தசை உண்டு. கண்மாய் மடையின் பலகையைப்போல், சுருங்கியும் விரிந்தும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது அந்தத் தசைதான். சிசுவுக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியின் அணுக்கள் அந்தக் குழாய்களுக்குள் சென்று தசையைக் கரைத்து, வாயை அகலமாக்கிவிடுகின்றன. மடைப்பலகையை எடுத்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் தங்குதடையின்றிப் பாய்வதுபோல், தாயின் ரத்தம் அப்புறம் தடையின்றிச் செல்கிறது. கர்ப்பமில்லாத காலத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டராக இருக்கும் கர்ப்பப்பையின் ரத்த ஓட்டம், நிறைமாதத்தில் 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை ஆகிறது. இந்த மடை சரியாகத் திறவாத பெண்களுக்கே பெரும்பாலும் பின்மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறி ஆபத்து நேர்கிறது.

ரத்தம் நீர்ப்பது ஏன்?

ரத்தத்தின் நீர்ப்பகுதி 100-க்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. சிவப்பணுக்களோ 20 முதல் 30 பங்குதான் கூடுகின்றன. ஆகவே ரத்தம் சற்று நீர்த்துக் காண்பது இயற்கையே. பிரசவத்தில் அரை லிட்டர் வரை ரத்தம் போனாலும் ஆரோக்கியமான தாய் தாங்கிக்கொள்வது இந்தச் சேமிப்பினால்தான். மழைக்காலத்தில் குடித்த ஈரத்தை வைத்துக்கொண்டு பனிக்காலத்தில் பருத்தியைக் காய்க்கச் செய்யும் கரிசல் மண்ணின் குணம் இது.

ஆனால் சேமிப்பதற்கு முதல் வேண்டும். ஹீமோகுளோபின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் 11 கிராமுக்கும், நடுமாதங்களில் 10.5 கிராமுக்கும் குறைந்தால் அது இயற்கை அன்று, சோகைதான். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், இந்தியாவின் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சோகையுள்ளவர்கள் என்று தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துவிடும் என்று அதைப் பரணில் எறிகிறவர்களை என்னவென்று சொல்வது! பிள்ளையின் நிறத்துக்கும் அந்த மாத்திரைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் சீமையின் செல்வங்கள். அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். மாத்திரையை விழுங்கிய கையோடு தேநீர் குடித்தால் அதன் பலன் குறையும். உணவு எவ்வளவு நல்லதானாலும் மாத்திரைக்கு அது மாற்று ஆகாது.

இயல்பும் அபாயமும்

வேலை செய்யும்பொழுது கொஞ்சம் மூச்சு வாங்குதல், படபடப்பு, மாலையில் கால் வீங்குதல், சீக்கிரம் களைத்துப்போதல் ஆகியவை பெரும்பாலும் இயல்பானவை. பின்மாதங்களில் மல்லாந்து படுத்தால், கனத்த கர்ப்பப்பை இருதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் தலை சுற்றலாம். ஒருக்களித்து, விசேஷமாக இடப்புறமாகப் படுத்தால் தீரும்.

சும்மா உட்கார்ந்திருக்கையிலும் மூச்சுத் திணறல், இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்காருதல், நெஞ்சுவலி, மயக்கம், கடுந்தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை அபாயக் குறிகள். வளைகாப்பில் தாராளமாக ஏறிய வளையல் சில நாட்களில் திடீரென்று இறுகினாலும், முகம் வீங்கினாலும் உடனே ரத்த அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். 140-க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டினால் ஆஸ்பத்திரிக்குச் செல்லத் தாமதிக்கலாகாது. சிறுபிராயத்தில் தொண்டைப் புண்ணும் மூட்டுவீக்கமும் கண்டு இருதய வால்வு பழுதான பெண்களுக்கு, அந்தப் பழுது முதல்முதலாகக் கர்ப்பகாலத்தில் வெளிப்படுவதும் உண்டு.

பிள்ளை பிறந்தவுடன் பாரம் இறங்கிவிட்டது என்றும் எண்ணவேண்டாம். சுருங்கும் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் ஒரேயடியாகத் திரும்பும் அந்தச் சில நிமிஷங்களில் இருதயத்தின் வேலை உச்சத்தை அடைகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அது தணிந்தாலும், முற்றிலும் பழைய நிலை திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

வீட்டாரின் கடமை

கர்ப்பிணித் தொழிலாளிக்கு ஓய்வு தருமம் அன்று, உரிமை என்பதைச் சென்னை மாகாணம் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. 1961-இல் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. 2017-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987-இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம் ஏழைத் தாய்மார்களுக்குப் பொருளுதவி செய்கிறது. ஆனால் தீப்பெட்டி ஆபீசில் நாள் முழுவதும் குனிந்து பெட்டி அடைப்பவளும், காட்டில் பருத்தி எடுப்பவளும் வீடு திரும்பியதும் அங்கே ஓய்வு கொடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது கணவனும் மாமியாரும் மனம் வைத்துச் செய்யவேண்டிய காரியம்.

செய்யவேண்டியதோ சொற்பம். குடத்தை வேறொருவர் எடுக்கட்டும். பகலில் ஒரு மணி நேரம் அவள் ஒருக்களித்துப் படுக்கட்டும். மாத்திரையை நாள் தவறாமல் நினைவூட்டட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்கி வரட்டும். கண்ணுக்குத் தெரியாத உழைப்பு என்பதனாலேயே அதை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.