நாலு டிஸ்க், ஒரே கேபிள்

டெஸ்க்டாப்பில் இடம் தீர்ந்தால் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குகிறோம். அடுத்த வருடம் இன்னொன்று. கொஞ்ச நாளில் மேஜைக்குப் பின்னால் அடாப்டரும் ஒயரும் பின்னிக் கிடக்கும். நாலைந்து ஹார்ட் டிஸ்க்கை ஒரே பெட்டியில் போட்டு, ஒரே கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்துவிடலாம் என்பதற்காக வந்ததுதான் என்க்ளோஷர். ஃபோர் பே, ஃபைவ் பே என்று அறைக் கணக்கில் விற்பார்கள். பெரும்பாலும் பெட்டிக்கு ஒரு விலை, உள்ளே போடும் டிஸ்க்குக்குத் தனி விலை. நாஸ் என்பது வேறு. அது தானே ஒரு சின்னக் கம்ப்யூட்டர், நெட்வொர்க்கில் இருந்துகொண்டு வீட்டில் எல்லோருக்கும் ஃபைல் கொடுக்கும். என்க்ளோஷர் உங்கள் டெஸ்க்டாப்பை நம்பியே இருக்கிறது.

கேபிளைச் செருக ஒரு நிமிடம் போதும். ஆனால் நாலு டிஸ்க்கின் வேகமும் அந்த ஒரு கேபிள் வழியாகத்தான் வரவேண்டும். ஆகவே எந்தக் கேபிள், எந்தப் போர்ட் என்பதை முதலில் பாருங்கள்.

இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலானவை யுஎஸ்பி. யுஎஸ்பி 3.0 என்றால் விநாடிக்கு 5 ஜிகாபிட்; நடைமுறையில் 400 எம்பி அளவுக்குக் கிடைக்கும். ஓடும் ஹார்ட் டிஸ்க் ஒன்று ஏறக்குறைய 150 முதல் 250 எம்பி வரை தரும். ஒரு டிஸ்க்கில் படம் பார்க்கவும், பழைய போட்டோக்களைச் சேர்த்துவைக்கவும் இது தாராளம். நாலையும் ஒரே நேரத்தில் ஓட்டினால்தான் கேபிள் குறுகலாகத் தெரியும். அப்படிப்பட்ட வேலை இருப்பவர்கள் 10 ஜிகாபிட் பெட்டி வாங்கலாம். பெட்டிக்குள்ளேயே ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி செய்தாலும் ஃபைல் கம்ப்யூட்டருக்குப் போய்த்தான் திரும்பும். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் போட்டாலும் தபால் நிலையம் போய் வருகிற மாதிரி.

பலர் ஏமாறும் இடம் கேபிள்தான். பெட்டியின் பின்புறம் சதுரமான யுஎஸ்பி 3.0 சாக்கெட் இருக்கும். பழைய பிரின்டர் கேபிளும் அதில் அழகாகப் பொருந்தும், டிஸ்க்கும் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் வேகம் யுஎஸ்பி 2.0 அளவுக்கு, விநாடிக்கு 35 எம்பி பக்கம் விழுந்துவிடும். ஒரு டெராபைட்டை நகர்த்த ஒன்றரை மணி நேரம் ஆகவேண்டியது எட்டு மணி நேரம் ஆகும். போனோடு வரும் டைப்-சி சார்ஜிங் கேபிள்களிலும் பல இதே ரகம். பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். முன்பக்கப் போர்ட், ஹப் எல்லாம் வேண்டாம். மதர்போர்டில் நேராக உள்ள பின்பக்கப் போர்ட்டே நல்லது.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா இணைப்பை வெளியே நீட்டித் தருவது இ-சாட்டா. அந்தப் போர்ட் உள்ள பழைய பெட்டிகள் இன்னும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இணைத்ததும் நாலு டிஸ்க்கில் ஒன்று மட்டும் தெரிகிறதா? பெட்டி கெட்டுப்போனதாக முடிவுகட்ட வேண்டாம். ஒரு கேபிளில் பல டிஸ்க்கைக் காட்டுவதற்குப் பெட்டிக்குள் போர்ட் மல்டிப்ளையர் என்ற சிப் இருக்கிறது. அதன் பாஷை கம்ப்யூட்டர் பக்கத்துச் சாட்டா போர்ட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான இன்டெல் மதர்போர்டுகளின் சொந்தச் சாட்டா போர்ட்டுகளுக்குத் தெரியாது. அதனால் முதல் டிஸ்க்கோடு நின்றுவிடும். போர்ட் மல்டிப்ளையரை ஏற்கும் தனிக் கார்டு ஒன்றைப் போட்டால் நாலும் வரும். பெட்டியில் யுஎஸ்பியும் இருந்தால் அந்தச் செலவே வேண்டாம்.

அடுத்தது, சில பெட்டிகளின் பின்னால் இருக்கும் மோட் சுவிட்ச். நாலு டெராபைட் டிஸ்க் நாலு போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். தனித்தனி மோடில் நாலு டிரைவாகத் தெரியும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். ரெய்டு 0 வைத்தால் ஒரே 16 டெராபைட் டிரைவ். ஒரு டிஸ்க் போனால் எல்லாமே போகும். ரெய்டு 5-இல் 12 டெராபைட் கிடைக்கும், ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிஸ்க் நன்றாக இருந்து பெட்டியே பழுதானால், அதே ரகப் பெட்டியைத் தேடி அலைய நேரும். வீட்டு உபயோகத்துக்குத் தனித்தனி மோடுதான் சரி என்பது என் கருத்து. எதை வைப்பதானாலும் தகவல் ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு சுவிட்சை நகர்த்தினால் உள்ளே இருப்பதை இழக்க நேரிடும்.

டிஸ்க்குகளைப் போடும்போது பவர் அணைந்திருக்கட்டும். எந்த அறையில் எந்த டிஸ்க் என்று சீரியல் எண்ணோடு டிரேயில் எழுதி ஒட்டுங்கள். பின்னால் ஒன்று பழுதானால் நல்லதைக் கழற்றிவிடாமல் இருக்க இது உதவும். பவர் போட்டு, டிஸ்க்குகள் சுழன்று நிலைக்கட்டும். பிறகு கேபிளைச் செருகுங்கள்.

புது டிஸ்க் விண்டோஸில் உடனே தெரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள், எம்பிஆர் என்ற பழைய முறையை வைத்தால் சாதாரணமாக 2 டெராபைட்டுக்கு மேல் பயன்படுத்த முடியாது. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்தால் முடிந்தது. நாலு டெராபைட் 3.63 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசம்.

ஏற்கெனவே தகவல் உள்ள பழைய டிஸ்க்கைப் போட்டு, விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொன்னால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். சில பெட்டிகளின் யுஎஸ்பி சிப், டிஸ்க்கின் செக்டர் அளவை மாற்றிக் காட்டும். அதனால் நல்ல டிஸ்க்கும் காலியாகத் தோன்றும். முன்பு இருந்த பெட்டியிலோ மதர்போர்டிலோ மாட்டிப் பார்த்தால் தகவல் அப்படியே இருக்கும்.

கரன்ட் விஷயமும் உண்டு. 3.5 இன்ச் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலும் சேர்ந்தால் 100 வாட்டை நெருங்கும். பின் பொருந்துகிறது என்று வேறு அடாப்டரைச் செருகினால் டிஸ்க் வந்து வந்து மறையும். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியையும் அதிலேயே போடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்கு மட்டும் கரன்ட் போனால் ஃபைல் கெடும்.

முக்கியமான ஃபைல்களின் இன்னொரு பிரதி இந்தப் பெட்டிக்கு வெளியே, வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். புதிதாக வாங்குபவர்கள் இ-சாட்டா மட்டும் உள்ள பெட்டியை விலை மலிவு என்று எடுக்க வேண்டாம்.