உஷார்! ரிஜெக்ட் வருவது மார்ச்சில்... மாற்று வழி மூடுவது அக்டோபரில்!

"எம்.எஸ். போகப்போறேன் சார், பிளேஸ்மென்ட் வேண்டாம்."

இறுதியாண்டு தொடங்கியதும் பொறியியல் கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் செல்லில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. உடனே ஒரு படிவத்தை நீட்டுவார்கள். 'உயர்கல்வி' என்ற கட்டத்தில் ஒரு டிக், கீழே மாணவரின் கையெழுத்து, சில கல்லூரிகளில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். அதோடு, அந்த ஆண்டு கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளுக்கான மாணவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கிவிடும். அந்த நேரத்தில் மாணவரின் கையில் இருப்பது ஒரு ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணும் நம்பிக்கையும்தான். ஒரு அட்மிட்கூட வந்திருக்காது.

மாணவர்களே, பெற்றோர்களே, அந்தக் கையெழுத்தைப் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!

தேதிகள் உங்களுக்காகக் காத்திருக்காது

அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் ஃபால் இன்டேக்குக்குப் பல பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்துக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் வருகிறது. முடிவுகள் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும். 'இடம் இல்லை' என்று தெரியும்போது மார்ச் பிறந்துவிடும்.

'அங்கே கிடைக்கலேன்னா இங்கே எம்.டெக். பார்த்துக்கலாம்' என்று அப்போது நினைத்தால் நேரம் கடந்திருக்கும். கேட் தேர்வுக்கான விண்ணப்பம் ஆகஸ்ட் இறுதியில் திறந்து, தாமதக் கட்டணத்தோடு சேர்த்தே அக்டோபரில் மூடிவிடும். தேர்வு பிப்ரவரியில். எம்.எஸ்சி.க்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வுக்கும் விண்ணப்பம் ஏறக்குறைய இதே காலம்தான். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட்-பி.ஜி., தமிழ்நாட்டு எம்.இ., எம்.டெக். இடங்களுக்கான சீட்டா-பி.ஜி. ஆகியவை சற்றுத் தாமதமாக வந்தாலும், அவற்றின் விண்ணப்பமும் மார்ச் வரை திறந்திருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது.

அதாவது, முதல் கதவு திறக்குமா என்று தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே இரண்டாவது கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மாற்றுத் திட்டம் என்பது ரிஜெக்ட் வந்த பிறகு யோசிப்பது அல்ல. விண்ணப்பிக்கும் அன்றே அதுவும் கையில் இருக்க வேண்டும்.

அட்மிட் வந்தாலும் முடிந்துவிடவில்லை

அனுமதிக் கடிதம் வந்ததும் ஸ்வீட் கொடுத்து, ஊரெல்லாம் சொல்லி, வேறு எதையும் பார்க்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. 2025-ல் நடந்ததைப் பாருங்கள். ஆராய்ச்சிக்கான அமெரிக்க மத்திய அரசு நிதி என்னாகும் என்ற நிச்சயமின்மையால், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவக் கல்லூரி ஏற்கெனவே கொடுத்த பிஎச்.டி. அனுமதிகளையே மார்ச் மாதத்தில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே இறுதியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதிகள் கொடுப்பதை நிறுத்தின. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, சமூக வலைதளக் கணக்குகளைச் சோதிக்கும் கடுமையான விதி சேர்ந்துகொண்டது. ஆகஸ்டில் வகுப்பு தொடங்க வேண்டிய மாணவர்கள் தேதி கிடைக்காமல் தவித்தார்கள்.

ஆகவே உங்கள் மாற்றுத் திட்டம் பல்கலைக்கழகம் மறுத்தால் மட்டுமல்ல, விசா மறுக்கப்பட்டாலும் தாங்க வேண்டும். அட்மிட் வந்த அன்றே, சேர்க்கையை அடுத்த இன்டேக்குக்குத் தள்ளிவைக்க முடியுமா, கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, உதவித்தொகை அப்படியே தொடருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

பதற்றத்தைக் காசாக்குபவர்கள்

பெரிய ஆபத்து இதுதான். ரிஜெக்ட்கள் வரிசையாக வந்து விழும் மார்ச், ஏப்ரலில்தான் 'ஸ்பாட் அட்மிஷன்', 'ஜி.ஆர்.இ. வேண்டாம்', 'நூறு சதவீதம் சீட் உறுதி' விளம்பரங்கள் கண்ணில் படும். 'கன்சல்டிங் ஃப்ரீ' என்பார்கள். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுக் கல்லூரிகள் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன. அதனால் அவர் காட்டும் பட்டியல் உங்களுக்கு ஏற்றதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சில அலுவலகங்களில் மாணவரின் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, பாஸ்வேர்டைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். கல்லூரி என்ன எழுதியது, அனுப்பியது உண்மையான கல்லூரிதானா, எதுவும் மாணவருக்குத் தெரியாது. இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்!

2023-ல் கனடாவில் வெளிவந்த விவகாரத்தை மறந்துவிட வேண்டாம். பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த மாணவர்கள் ஏஜென்ட் கொடுத்த அனுமதிக் கடிதத்தை நம்பிப் போனார்கள். போய் இறங்கிய பிறகு 'அந்தக் கல்லூரியில் இடமில்லை, வேறு கல்லூரியில் சேர்ந்துகொள்' என்றார்கள். படித்து, வேலையிலும் சேர்ந்து, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதமே போலி என்று தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்து நின்றது.

கடன் விஷயத்திலும் உஷார். பொதுத்துறை வங்கிகளில் ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். நன்கு விசாரித்த கல்லூரிக்காக வீட்டுப் பத்திரத்தை வைப்பது வேறு. ஏப்ரல் பதற்றத்தில், பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்ட கல்லூரிக்காக வைப்பது வேறு.

இன்றே செய்ய வேண்டியவை

பிளேஸ்மென்ட்டை விடாதீர்கள். வேலையில் சேர்ந்த பிறகு அட்மிட் வந்தால் என்ன நடைமுறை என்று கல்லூரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனை காலம் வேலை பார்த்தாக வேண்டும் என்று பாண்ட் கேட்கும் கம்பெனி என்றால், கையெழுத்திடும் முன் நிபந்தனையை முழுதாகப் படியுங்கள்.

கேட் எழுதுங்கள். ஒரே ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பக் கட்டணத்தில் சிறு பகுதிதான் இதற்கு ஆகும். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.டெக்., சில பொதுத்துறை நிறுவனங்களில் வேலை என இரண்டுக்கும் உதவும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பட்டியலைச் சரிபாருங்கள். 'ஆம்பிஷியஸ்' பல்கலைக்கழகங்களை மட்டும் அடுக்கியிருந்தால், 'மாடரேட்', 'சேஃப்' என்ற வரிசையிலும் சேருங்கள். ஆனால் மற்ற எல்லா இடத்திலும் மறுத்தால்கூடப் போக மனம் வராத கல்லூரியை 'சேஃப்' என்று எழுதாதீர்கள்.

ஜெர்மனி இரண்டாவது வாய்ப்பு என்றால், உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு இது கட்டாயம். ரிஜெக்ட் வந்த பிறகு தொடங்கினால், சான்றிதழ் வருவதற்குள் வின்டர் இன்டேக்கின் கடைசித் தேதி போய்விடக்கூடும்.

ரிஜெக்ட் வந்துவிட்டால்...

முதலில், அந்த வாரம் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளும், ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுகளும் செல்லும். அதனால் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடைப்பட்ட ஆண்டில் ஒரு வேலையிலோ, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாகவோ சேர்ந்தால், விண்ணப்பத்தோடு தரும் எஸ்.ஓ.பி. என்ற நோக்க அறிக்கையில் எழுத உண்மையான அனுபவம் இருக்கும். உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. 'பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டான், நீ?' என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் ரிஜெக்ட் கடிதத்தை மறைக்கிறார்கள், ஏஜென்ட்டிடம் தனியாகப் போய்ச் சிக்குகிறார்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒடுங்கினால் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இந்த வாரமே வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: ஒரு அட்மிட்டும் வராவிட்டால் அடுத்த ஜூலையில் என்ன செய்வது, அதற்கான கடைசித் தேதி எது, அதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு விண்ணப்பத்தை அனுப்புங்கள். பதில் இல்லையென்றால், அந்த பிளேஸ்மென்ட் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்!