முதல் பக்கம் விலைக்குக் கிடைக்காது

கடைக்கு ஓர் இணையதளம் தொடங்கினால் போதும், சில வாரங்களிலேயே அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். "30 நாளில் உங்கள் தளத்தை கூகுளில் முதலிடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம், மாதம் இவ்வளவு கட்டினால் போதும்" என்பார்கள். சிறு வியாபாரிகள் பலருக்கு எஸ்இஓ என்ற சொல்லே இப்படித்தான் அறிமுகமாகிறது. தேடுபொறியில் நம் பக்கம் உரியவர் கண்ணில் படும்படி தளத்தைச் சீர்செய்து வைப்பதற்குத்தான் அந்தப் பெயர். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் விளம்பரம் என்ற குறிப்போடு மேலே ஓர் இடம் கிடைக்கும். பணம் நின்ற அன்றே அந்த இடமும் போய்விடும். விளம்பரம் கொடுப்பதால் இயல்பான வரிசையில் ஒருபடிகூட ஏற முடியாது. அப்படியென்றால் அந்த வரிசையில் மேலே வருவது எப்படி? சிறு வியாபாரிக்குத் தேவையான எஸ்இஓ-வில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளுக்கு எழுத்தில் தெளிவாகப் பதில் சொல்லி வைப்பதுதான். அதற்கு வேண்டிய அறிவு கடைக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அழைப்பு விடுக்கும் ஏஜென்சியிடம் அது இருக்க வழியில்லை.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். கூகுளின் மென்பொருள் ஒன்று லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கிறது. படித்ததைப் பெரிய அட்டவணையாகத் தொகுத்து வைக்கிறது. நாம் எதையாவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது. பக்கத்தில் இருக்கும் சொற்களை மட்டும் நம்பி வரிசைப்படுத்தினால் ஏமாற்றுவது சுலபம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது வேறொரு வழியைக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து அதன் மதிப்பை அளப்பது கல்வியுலக வழக்கம். அதேபோல் ஒரு பக்கத்துக்குப் பிற தளங்கள் கொடுக்கும் லிங்க்கை அந்தப் பக்கத்துக்கு விழுந்த வாக்காக அவர்கள் கணக்கிட்டார்கள். மதிப்புள்ள தளம் போடும் வாக்குக்கு எடை அதிகம். இன்று வரிசையைத் தீர்மானிக்கும் காரணிகள் எத்தனையோ கூடிவிட்டாலும் இந்த அடிப்படை போய்விடவில்லை.

வாக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அதை விலைக்கு வாங்குகிறவர்களும் வந்துவிடுவார்கள். கடந்த இருபத்தைந்து ஆண்டு எஸ்இஓ வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு குறுக்குவழியும் கண்டுபிடிக்கப்பட்டு, கொஞ்சகாலம் பலன் தந்து, பின்பு அடைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டுகளை அடுக்கி வைக்கும் குறிச்சொல்லைத் தாங்கள் வரிசைப்படுத்தலுக்குப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009-ல் வெளிப்படையாக அறிவித்தது. 2006-ல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளம் தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதர்களுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியது. 'பழைய கார்' என்ற பொருள் தரும் ஜெர்மன் சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பிய பக்கங்கள் தேடுபொறிக்காகவே செய்யப்பட்டிருந்தன. கூகுள் அந்தத் தளத்தை அட்டவணையிலிருந்தே நீக்கியது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜேசி பென்னி என்ற பெரிய அங்காடி நிறுவனத்துக்காக, சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் லிங்க்குகள் வைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. அதுவரை பல தேடல்களில் முதலிடத்தில் நின்ற அந்தத் தளம் சில நாட்களில் பல பக்கங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்ன நிறுவனம், தனக்கு எஸ்இஓ பார்த்துவந்த நிறுவனத்தை விலக்கியது. அதே 2011-ல் சரக்கில்லாத பக்கங்களைக் கீழிறக்கும் கூகுளின் 'பாண்டா' மாற்றம் வந்தது. 2012-ல் போலி லிங்க்குகளைக் குறிவைத்த 'பெங்குயின்' வந்தது. பிஎம்டபிள்யூவும் ஜேசி பென்னியும் பக்கங்களைத் திருத்திக்கொண்டு மீண்டும் இடம்பிடித்தன. ஆள்பலமும் பெயரும் இருந்ததால் அவர்களுக்கு அது முடிந்தது. தண்டனைக்கு ஆளான சிறு கடைக்கு, தான் தண்டிக்கப்பட்டது தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம். குறுக்குவழியின் லாபம் ஏஜென்சிக்குப் போகிறது, நஷ்டம் தளம் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரியான வழி எப்படி இருக்கும் என்பதற்கு, கோவையில் வெட் கிரைண்டர் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு சிறு கடையை எண்ணிக்கொள்வோம். கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, ஆகவே போட்டிக்கும் அந்த ஊரில் குறைவில்லை. இப்படிப்பட்ட கடைகளின் தளங்களில் பலவும் ஒரே அச்சில் இருக்கும். மேலே 'ஹோம்' என்று தலைப்பு, அதன்கீழ் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி, பிறகு படங்கள். இந்த வரியைத் தேடி யாரும் கூகுளுக்கு வருவதில்லை. வீட்டிலிருப்பவர் தேடுவது 'மோட்டார் ஓடுது, டிரம் சுத்தல' என்பதை. 'கிரைண்டர் பெல்ட் மாத்த எவ்வளவு ஆகும்' என்பதை. 'டேபிள் டாப் வாங்கலாமா, டில்டிங் வாங்கலாமா' என்பதை. சின்னதாக ஒரு டிபன் கடை போடுகிறவர் எத்தனை லிட்டர் கிரைண்டர் வேண்டியிருக்கும் என்று தேடுவார். கல் தேய்ந்து மாவு நைசாக வராத வீட்டுக்காரர், கல் கொத்திக் கொடுப்பவர் பக்கத்தில் யார் என்று தேடுவார். கடைக்காரர் தினமும் கல்லாவில் நின்றபடி பதில் சொல்லும் கேள்விகள்தான் இவை. ஒவ்வொன்றுக்கும் தளத்தில் தனிப் பக்கம் இருக்க வேண்டும். டிரம் சுற்றாத கிரைண்டரைப் பற்றிய பக்கத்தில், மோட்டார் சத்தம் வந்தும் டிரம் அசையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெல்ட் என்று சொல்லலாம். தளர்ந்த பெல்ட்டுக்கும் அறுந்த பெல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியப் படம் போடலாம். பிளக்கைப் பிடுங்காமல் அடிப்பாகத்தைத் திறக்கக் கூடாது என்று எச்சரிக்கலாம். மாற்ற எவ்வளவு நேரம், கூலி எவ்வளவு, எந்தப் பகுதிக்கு வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள் என்று எழுதலாம். அந்தப் பக்கத்தின் தலைப்பு 'சேவைகள்' என்று இருப்பதைவிட 'கிரைண்டர் டிரம் சுற்றவில்லையா? கோவையில் பெல்ட் மாற்றும் செலவும் நேரமும்' என்று இருந்தால் தேடுபொறிக்கும் புரியும், தேடுகிறவருக்கும் புரியும். தேடல் முடிவில் தலைப்பின்கீழ் தெரியும் இரண்டு வரிச் சுருக்கம் வரிசையை உயர்த்தாது. ஆனால் எதைத் தட்டுவது என்று ஒருவர் முடிவுசெய்வது பெரும்பாலும் அந்த இரண்டு வரியைப் பார்த்துத்தான்.

தமிழில் தளம் வைப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. ஃபிளெக்ஸ் பேனருக்குச் செய்த டிசைனை அப்படியே படமாகப் போட்டு, விலையும் முகவரியும் அதற்குள்ளேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது ஒன்று. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. எழுத்தாகவே தட்டச்சு செய்து, படத்துக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததைத் தளத்தில் ஒட்டுவது இன்னொன்று. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். யூனிகோடுக்கு மாற்றாதவரை தமிழில் தேடுகிற எவருக்கும் அந்தப் பக்கம் அகப்படாது. மூன்றாவது, பேச்சு வழக்கை ஒதுக்கிவிட்டு மேடைத் தமிழில் மட்டும் எழுதுவது. 'மாவரைக்கும் இயந்திரம்' என்று தேடுகிறவரைவிட 'கிரைண்டர்' என்று தேடுகிறவர்தான் அதிகம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்களும் ஏராளம். மக்கள் வாயில் புழங்கும் சொல்லைப் பக்கத்தில் இயல்பாகச் சேர்ப்பதால் மொழிக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

ஊருக்குள் வியாபாரம் செய்கிறவருக்கு இணையதளத்தைவிடவும் முந்திப் பலன் தருவது, தேடலிலும் மேப்பிலும் கடையின் விவரங்களைக் காட்டும் கூகுளின் பிசினஸ் ப்ரொஃபைல். இதற்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கடையைத் தேடும்போது பொருத்தம், தூரம், பெயர் பெற்றிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் வைத்தே வரிசை அமைவதாக கூகுள் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. கடையின் வகையைச் சரியாகக் குறிப்பது, திறந்திருக்கும் நேரத்தைத் தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குத் தக்கபடி திருத்துவது, உண்மையான வாடிக்கையாளர்களிடம் ரிவ்யூ கேட்டு, வந்த புகாருக்கும் மரியாதையாகப் பதில் எழுதுவது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. டொமைன் எனும் இணைய முகவரியும் சரி, இந்த ப்ரொஃபைலும் சரி, உரிமையாளரின் சொந்த மின்னஞ்சலில் இருப்பது மிக முக்கியம். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இருந்தால், அவரோடு பிணக்கு வரும் நாளில் கடையின் முகவரியே கைவிட்டுப் போகும்.

தொழில்நுட்பப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் உண்டு. தளத்தைக் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டுப் பிறகு எடுக்க மறந்தால் தளமே தேடலில் வராது. கூகுள் இப்போது பக்கத்தின் கைபேசி வடிவத்தைத்தான் முதலில் படிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது அது வகுத்த அளவுகோல். கேமராவில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றுவதே பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம். கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்தால், எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள் என்பது தெரியும்.

பெரிய ஆன்லைன் அங்காடிகள் முதல் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்க இதெல்லாம் எடுபடுமா என்று கேட்கலாம். 'வெட் கிரைண்டர்' என்ற ஒற்றைச் சொல்லில் எடுபடாது. அந்தச் சொல்லுக்காகச் சிறு கடை மல்லுக்கட்டவும் கூடாது. ஆனால் கேள்வி நீள நீளப் போட்டி குறைகிறது. குறிப்பிட்ட பகுதியில் பழைய டில்டிங் கிரைண்டருக்கு பேரிங் மாற்றிக் கொடுப்பது யார் என்ற கேள்விக்கு எந்தப் பெரிய அங்காடியும் பக்கம் வைத்திருக்காது. அப்படித் தேடுகிறவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரும் அல்ல, வேலை ஆக வேண்டும் என்று வந்தவர். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் போதாதா என்பது அடுத்த கேள்வி. நம்மை ஏற்கெனவே அறிந்தவர்களைத் தக்கவைக்க அவை நல்ல கருவிகள். ஆனால் இன்று போட்ட பதிவு அடுத்த வாரம் அடியில் போய்விடுகிறது, தேவை வந்த நாளில் தேடுகிறவருக்கு அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. குறுக்குவழியில் போனவர்கள் இன்றும் மேலே நிற்கிறார்களே என்பது இவற்றைவிடக் கடினமான கேள்வி. உண்மைதான், சிலர் நிற்கிறார்கள், பிடிபடும்வரை நிற்பார்கள். வருடக்கணக்கில் ஒரே ஊரில் பெயர் காக்க வேண்டிய கடைக்கு அந்தச் சூதாட்டம் கட்டுப்படியாகாது. ஆள் வைத்துச் செய்வதில் தவறில்லை. ஆனால் எங்கிருந்து லிங்க் பெறப் போகிறீர்கள், எந்தப் பக்கத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்பவராக அவர் இருக்க வேண்டும். மாற்றங்களைச் செய்து பலன் தெரியப் பொதுவாக 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுள் தரப்பே சொல்லியிருக்கிறது. 30 நாள் கெடு சொல்பவரிடம் அதைக் காட்டியே பேசலாம்.

தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பதில் 2024-ல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. இனி யார் தளத்துக்குள் வருவார்கள் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் என்ன கணக்கு என்பது போன்ற பொதுவான கேள்விக்கு மேலேயே பதில் கிடைத்துவிட்டால், அதை எழுதிய பக்கத்துக்கு வருகிறவர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். ஆகவே எவரும் எழுதக்கூடிய பொதுச் செய்திகளால் தளத்தை நிரப்புவது இனி வீண்வேலை. ஆனால் அந்த இயந்திரமும் பதிலை எங்கோ எழுதப்பட்ட பக்கங்களிலிருந்துதான் திரட்டுகிறது. கோவை சிங்காநல்லூரில் ஒரு கடை கல் கொத்த எவ்வளவு கூலி வாங்குகிறது, எந்தக் கிழமை கொடுத்தால் எப்போது திரும்பக் கிடைக்கும், பழைய மாடலுக்கு உதிரிபாகம் அங்கே இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கடைக்காரர் எழுதி வைத்தால் மட்டுமே அதற்குத் தெரியவரும்.