டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை

தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து கேரள எல்லையோரம் உள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதை, மலையேற்றக் குழுக்கள் நெடுங்காலமாக விரும்பி நடந்த வழி. வத்தலக்குண்டு பக்கமிருந்து வருவோர் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி கடந்து குரங்கணி வரை வண்டியிலேயே வந்துவிடலாம். அதற்கு மேல் நடைதான். அடிவாரத்தில் மாவும் இலவமும். ஏற ஏறக் காப்பி, மிளகு, ஏலம். சுமார் 1,700 மீட்டர் உயரத்தை எட்டும்போது மரங்கள் ஈரம் தங்கும் மலை மடிப்புகளுக்குள் சோலைகளாக ஒதுங்கிவிட, மேடெல்லாம் புல்வெளி. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது இந்த மேடுகளில்தான்.

ஆளரவமற்ற காடு போலத் தோன்றும் இந்தச் சரிவு, நூறாண்டுகளுக்கு முன் பரபரப்பான சரக்கு வழியாக இருந்தது. மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலையை வெளியே அனுப்பக் கீழே போடிதான் வாசல். அதற்காக 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் மண் சாலையில் ஓடி வண்டி சாயாமல் தாங்கும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலப் பாதையில் நீராவி எஞ்சின் ஓடும் ரயிலையே கொண்டுவந்தார்கள்.

அந்த ரயில் டாப் ஸ்டேஷனோடு நின்றுவிடும். அங்கிருந்து செங்குத்துச் சரிவில் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. பிறகு மாட்டு வண்டியில் போடி. போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அதுவரை பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர்.

1924 ஜூலையில் மலையாள நாட்டையே புரட்டிப்போட்ட பெருவெள்ளம் இந்த ரயிலையும் அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் இன்றும் அதைத் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்கிறார்கள். ரயிலை மறுபடி கட்டவில்லை. மூணாறு நிலையக் கட்டடம் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாகிவிட்டது. டாப் ஸ்டேஷனில் ரோப்வே நிலையத்தின் இடிபாடுகளைக் காணலாம். வழியிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் குடியிருப்புக்கும் அந்தக் காலத்துப் பெயரே நிலைத்துவிட்டது. பழந்தொழிலின் தடம் பிடித்து நடக்க இதைவிட நல்ல வழி தென்தமிழ்நாட்டில் அரிது. ஆனாலும் ஓரிடத்திலாவது ஒரு விளக்கப் பலகை வைத்தால் நடப்பவருக்குப் புரியும்.

இந்த மலையின் ஆபத்து பள்ளமோ யானையோ மட்டுமல்ல, காய்ந்த புல்லும்தான். 2018 மார்ச் 11 அன்று அருகிலுள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் உயிரிழந்தனர். சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது, சுடரின் வெப்பம் மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். பகலில் மலைக்காற்றும் மேல்நோக்கியே வீசும். அந்த வேகத்தோடு மனிதக் கால்கள் போட்டி போட முடியாது. பள்ளமான ஓடைத்தடத்தில் ஒளிவதும் ஆகாது. புகையும் அனலும் அதன் வழியே ஏறும்.

அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில், குரங்கணியிலிருந்து புறப்படும் குரங்கணி–சாம்பலாறு பாதையும் ஒன்று. முன்பதிவு இணையத்தில், வழிகாட்டிகளாக வருவோர் அந்தந்த மலைப்பகுதி மக்கள். தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைக்கும்போது, வேறு யாரையாவது பிடித்துப் பின்வாசல் வழியாக ஏற நினைக்க வேண்டாம்.