எஞ்சினுக்குள் உறையும் பனி

பனிக்கட்டி என்றதும் இமயத்தின் சிகரங்களும் துருவப் பிரதேசங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வெப்பமானி 20 பாகை சென்ரிகிரேட்டைக் காட்டும் இதமான நாளொன்றில், கொதிப்பேறி இயங்கும் எஞ்சினுக்குள்ளே பனிக்கட்டி படிந்து அதன் இயக்கத்தையே நிறுத்திவிடக் கூடும் என்றால் நேயர்கள் வியப்படையலாம். சிறு விமானங்களைச் செலுத்தப் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

இதன் காரணத்தை அறியக் காபுரேற்றர் என்னும் உறுப்பின் தொழிலை முதலில் நோக்குவோம். பெற்றோலைக் காற்றுடன் தக்க அளவிற் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே அதன் வேலை. உள்ளிழுக்கப்படும் காற்று அங்கே ஒடுங்கியதொரு கழுத்தின் வழியே விரைந்து செல்கின்றது. விரைவு கூட அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறையக் காற்றுக் குளிர்கின்றது. அவ்விடத்திலேயே பெற்றோலும் நுண்துளிகளாகச் சிதறி ஆவியாகின்றது. ஆவியாகும் திரவம் தன்னைச் சூழ்ந்தவற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதும் இதனாலேயே. இவ்விரு காரணங்களாலும் காபுரேற்றரின் உள்ளே வெப்பநிலை 20 பாகை, சில வேளைகளில் 30 பாகை அளவுக்குங்கூடத் தாழ்ந்துவிடுகின்றது. அப்போது காற்றிலுள்ள ஈரம், கழுத்தின் சுவரிலும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டின் மீதும் பனியாகப் படிகின்றது. வழி ஒடுங்க, எஞ்சினுக்கு மூச்சு முட்டுகின்றது.

ஆகவே, இங்கே கடுங்குளிரைக் காட்டிலும் ஈரமே பெரும் பகை. மிகக் குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாதலால் அபாயமும் குறைவு. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 7 பாகைக்கும் மேல் 21 பாகைக்கும் இடைப்பட்டு, ஈரப்பதன் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டிருக்கும் வேளையே மிக ஆபத்தானது. வானத்தில் மேகமே இல்லாதபோதும் இது நிகழலாம். விமானம் தரையிறங்குவதற்காக எஞ்சினின் வலுவைக் குறைக்கும்போது, அத்தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். சிறிதளவு பனியே அப்போது வழியை அடைத்துவிடும். அவ்வேளையில் வெளிக்காற்று 30 பாகையை அணுகியிருந்தாலும் பனி படியக்கூடும். எனவே எம்மைப் போன்ற வெப்பநாட்டவருக்கும் இது புறம்பான விஷயமன்று.

இதனை அறிவது எவ்வாறு? அலகுகளின் சாய்வு மாறாத சுழல்விசிறியுடைய விமானத்தில், விமானி எதனையும் தொடாதிருக்கவே சுழற்சி மெல்ல மெல்லக் குறையும். பின்னர் எஞ்சின் அதிரத் தொடங்கும்.

பரிகாரம் எளியது. புகைக் குழாயைச் சூழ்ந்த உறையிற் சூடேறிய காற்றைக் காபுரேற்றருக்குத் திருப்பிவிடும் பிடியொன்று விமானி முன்னே உண்டு. அதனை முழுமையாக இழுத்துவிட வேண்டும். அரைகுறைச் சூடு சில வேளைகளில் நன்மைக்குப் பதிலாகத் தீமையே செய்யும். வலுவைக் குறைத்து இறங்கத் தொடங்குமுன்னரே இதனைச் செய்வது நன்று.

இங்கேதான் விமானியின் மனவுறுதி சோதிக்கப்படுகின்றது. சூடான காற்று அடர்த்தி குறைந்ததாதலால் எஞ்சினின் வலு முதலிற் சிறிது குறையும். உருகிய நீர் உட்புகுவதால் எஞ்சின் முன்னிலும் மோசமாகத் தடுமாறும். நிலைமை கெட்டுவிட்டதென அஞ்சிப் பிடியை முன்னிருந்த நிலைக்குத் தள்ளுபவர், தம்மைக் காக்கும் மருந்தையே வீசிவிடுகின்றார். சற்றுப் பொறுத்தால் பனி கரைந்து, சுழற்சி மீண்டும் உயரும்.

இப்பனிக்கு வேறொரு கபடமும் உண்டு. எஞ்சின் நின்று வயலிலே இறங்கிய விமானத்தைச் சோதிக்க அதிகாரிகள் வருமுன், எஞ்சினின் சூட்டிலேயே அது உருகி மறைந்துவிடும்.

மோட்டார் வண்டிகளும் ஒரு காலத்தில் இத்தொல்லைக்கு உட்பட்டிருந்தன. 1950களிலும் 60களிலும் குளிர்நாடுகளிற் சில எண்ணெய்க் கம்பனிகள், பனி படியாதிருக்கப் பெற்றோலுடன் ஒருவகை அற்ககோலைச் சேர்த்து விற்றன. பெற்றோலை நேரே தெளித்து ஊட்டும் முறை வந்தபின், புதிய வண்டிகளிற் காபுரேற்றர் மறைந்துவிட்டது. ஆயினும் செஸ்னா 152 போன்ற சிறு பயிற்சி விமானங்களில் அது இன்றும் இருக்கின்றது. அவற்றைச் செலுத்துவோர், வானம் தெளிவாயிருப்பதைக் கண்டு மட்டும் நிம்மதி கொள்ளலாகாது. காற்றின் ஈரத்தையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.